கறுப்பியைத் தரமாட்டேன்

வலது தோளில் யாரோ ஆணி அடித்து அதில் ஒரு சிமெண்டு மூட்டையைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. நாள் முழுக்க இரும்புக் கேட்டில் துருவைச் சுரண்டிய கை. கம்பிப் பிரஷ்ஷைப் பிடித்த விரல்கள் வீட்டுக்கு வந்த பிறகும் பிடித்தபடியே மடங்கிக் கிடந்தன. சின்னவள் பின்கதவை இடுப்பால் தள்ளித்தான் திறந்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சற்றுக் காலை நீட்டலாம் என்று வந்தால், கொல்லையில் பெரியவள் ஒரு கையில் கோழியும் ஒரு கை இடுப்பிலுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டியா மகராசி. வா, உன் ரவுடி பண்ணி வச்சிருக்கிற காரியத்தை வந்து பாரு."

அண்ணன் பெண்டாட்டி பெரியவள். தம்பி பெண்டாட்டி சின்னவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் அவர்களுடைய பெயர்; சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இருவருமே திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். அடுப்பு இரண்டு, வாசல் இரண்டு. கொல்லையை மட்டும் பிரிக்க வழியில்லை. குழாய் ஒன்று, துவைக்கிற கல் ஒன்று, கக்கூஸ் ஒன்று. எதெல்லாம் ஒன்றோ அதிலெல்லாம் பெரியவளுக்கே முதல் முறை. அவள் குடம் நிறைந்த பிறகுதான் சின்னவள் குடம் குழாயடிக்குப் போகும். கொடிக்கயிற்றில் வெயில் விழுகிற பக்கம் அவளுடையது. சின்னவள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டும் வேறு வேறு.

கோழிக்கூட்டின் முன்னால் வலை போட்ட திடலில் ஏழு விடைக்கோழிகள் நின்றன. இன்னும் முட்டை வைக்கவில்லை, வைக்கப்போகிற வயது. எட்டாவதாகப் பெரியவள் கையில் இருந்த புள்ளிக்கோழிக்கு வாலுக்கு மேலே இறகு பிய்ந்து, காசளவு தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"கறுப்பியா?" என்றாள் சின்னவள்.

"வேற யாரு? உன் மவதான்."

கறுப்பி அந்தப் பக்கம் தீவனத் தட்டுக்கு எதிரில் நின்று, தான் ஒன்றும் அறியாதது மாதிரி ஒரு காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. எட்டிலும் பெரியது அதுதான். கொண்டை மற்றதற்கு முன்னால் சிவந்துவிட்டது. தட்டில் தீவனம் விழுந்தால் அது முதலில் கொத்தும். அது தின்று நகர்ந்த பிறகுதான் அடுத்தது வரும். முந்திக்கொண்டு மூக்கை நீட்டினால் உச்சந்தலையில் ஒரு கொத்து. சின்னவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு திருப்தி. இந்தக் கொல்லையில் தன் பக்கத்து ஆள் ஒருத்தியாவது முதலில் சாப்பிடுகிறாள்.

"இந்த வயசுல எல்லாக் கோழியும் அடிச்சுக்கும்க்கா. யாரு முதல்ல, யாரு பின்னாலன்னு அதுங்க வரிசை போட்டுக்குது. போட்டு முடிச்சா அடங்கிடும்."

"அடங்குற ஜென்மமா அது? வளர்த்தவளப் பாரு."

 அந்த ரத்தம் சின்னவளுக்கு உறுத்தியது. வரிசைக்காக அடித்துக்கொள்கிற கோழி தலையில் கொத்தும், துரத்தும், மிஞ்சினால் முதுகில் ஏறும். வாலுக்கு மேலே ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தித் தோலை உரிக்காது. அதுவும் பெரியவளின் கோழிகளை மட்டும்.

எது யாருடைய கோழி என்று தெரிந்ததற்குக் காரணமும் சின்னவள்தான். குஞ்சுகளைச் சேர்ந்துதான் வாங்கினார்கள். தான் வேலை செய்கிற இரும்புப் பட்டறையில் கழித்துப் போட்ட சட்டத்தை எடுத்துவந்து சின்னவள் கூடு அடித்தாள். குஞ்சாக இருந்தவரை உன்னுது என்னுது என்ற பேச்சில்லை. கொண்டை நிறம் மாறத் தொடங்கியதும் பேச்சு வந்துவிட்டது. "நாலு உனக்கு, நாலு எனக்கு. என் நாலுக்கும் அடையாளம் வேணும்" என்று பெரியவள் ஒரே பிடியாக நின்றாள்.

"கோழிக்கு அடையாளம் வச்சா முட்டையிலயும் அது விழுமா அண்ணி?" என்று கேட்டான் சின்னவள் புருஷன். அவன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். வீட்டுக்கு வந்தால் யாரையும் சிரிக்கவைத்துத் தப்பிக்கப் பார்ப்பான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"உன் பட்டறையிலதான் பெயிண்டு கெடக்கே. கொஞ்சம் கொண்டாந்து அடிச்சு விடு" என்றாள் பெரியவள்.

பட்டறையில் பெயிண்டு கிடக்கத்தான் செய்தது. ஆனால் பச்சை, நீலம், மஞ்சள் டப்பாக்களெல்லாம் அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி பட்டறைக்காரரின் அரைஞாண் கயிற்றில். பிரைமர் மட்டும்தான் பெரிய தகர வாளியில் திறந்தே நிற்கும். கேட்டு, கிரில், படிக்கட்டு எதுவானாலும் துருவைத் தேய்த்ததும் முதலில் பூசுவது அதைத்தான். சின்னவள் ஒரு பால் டப்பாவில் அதைக் கொஞ்சம் ஊற்றி எடுத்துவந்தாள்.

பெரியவள் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, செவப்பா?"

"செவப்பு இல்லக்கா. பிரைமர். கலர் இதுக்கு மேலதான் அடிப்பாங்க."

அவள் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்காக அதில் கை நனைக்கிறவளுக்கு அது ஒரு நிறமாகவே தெரிவதில்லை. நகக்கண்ணில் அது, சேலை ஓரத்தில் அது, சாப்பாட்டுத் தூக்கின் கைப்பிடியில் அது. முழுக்கப் பிரைமர் பூசிக் காயவைத்த கேட்டைப் பார்த்து யாராவது "என்ன கலர் அடிக்கப்போறீங்க?" என்று கேட்டால், பட்டறையில் எல்லோரும் "இன்னும் கலரே அடிக்கல" என்பார்கள். அப்படிப்பட்ட பொருளைத்தான் அவள் பெரியவளின் நான்கு கோழிகளுக்கும் வாலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பூசிவிட்டாள். தன் நான்கையும் சும்மா விட்டாள். என் கோழி எனக்குத் தெரியும் என்ற திமிர்.

ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து சின்னவள் கொல்லையிலேயே கிடந்தாள். ஒரு தட்டை இரண்டாக்கி, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி மூலைக்கொன்றாக வைத்தாள். துரத்தப்படுகிறது ஓடி ஒளிய உடைந்த பலகைகளைச் சாய்த்து நிறுத்தினாள். முட்டைக்கோஸின் வெளி இலைகளைக் கட்டி எம்பினால்தான் எட்டும் உயரத்தில் தொங்கவிட்டாள். சும்மா இருக்கிற அலகுதான் வம்புக்குப் போகும் என்பது அவள் கணக்கு. கடைசியாகக் கறுப்பியைப் பிடித்து, கொல்லையின் கோடியில் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தாள். மூங்கில் சிம்புகளுக்கு நடுவே கறுப்பியின் ஒரு கண் தெரிந்தது.

"எத்தனை நாளைக்கு ஜெயிலு?" என்றான் அவள் புருஷன்.

"அது இல்லாம மத்ததுங்க வேற வரிசை போடுற வரைக்கும். திரும்ப வரும்போது இதுதான் புதுசு. கொஞ்சம் தலை குனிஞ்சுதான் வரணும்."

"உனக்கு ஒரு பஞ்சாரம் செய்யச் சொல்லவா?"

"செய். உங்க அண்ணிக்கும் சேர்த்து ரெண்டா செய்."

பெரியவளோ புள்ளிக்கோழியைத் தன் அடுப்படிக்குள் கொண்டுபோய்விட்டாள். துணி விரித்து, கையால் ஊட்டி, பேன் பார்த்து, பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டாள். அவள் துணி தேய்க்கிற கடையில் நாளெல்லாம் சூட்டில் நிற்கிறவள். வந்ததும் முதல் வேலை அந்தக் கோழியை மடியில் போட்டுக்கொள்வதுதான்.

"அக்கா, அடிக்கிறதைத்தான் வெளிய எடுக்கணும். அடி வாங்கினத எடுத்தா அதோட இடம் போயிரும். திரும்ப விடும்போது யாரோ அந்நியக் கோழி வந்திருச்சுன்னு எல்லாம் சேர்ந்து மொத்தும். மருந்து போடு, வேணாங்கல. ஆனா கூட்டுக்குள்ளயே ஒரு மூலையில வலை மறைச்சு வை. அதுங்க கண்ணுல படட்டும்."

"எனக்கு நீ பாடம் எடுக்காத. நீ வர்றதுக்கு முன்னாடியே இந்த வீட்டுல இருக்கிறவ நான்."

"வீடு வேற, கோழி வேறக்கா."

"எல்லாம் ஒண்ணுதான் போ."

கறுப்பி பஞ்சாரத்துக்குள் இருந்தபோதும் கொத்து நிற்கவில்லை. சின்னவள் இதைத் தன் கண்ணால் பார்த்தாள். பெரியவளின் கோழிகளிலேயே பரம சாதுவாக ஒன்று உண்டு. ஊமைச்சி என்று பெயர். அது நடந்துபோய், பெரியவளின் இன்னொரு கோழியின் பின்னால் நின்று, ஏதோ தானியத்தைப் பொறுக்குகிற மாதிரி வாலுக்கு மேலே நிதானமாக ஒரு கொத்து. அப்புறம் இன்னொரு கொத்து. கோபமே இல்லை அதில். சின்னவள் ஓடிப்போய் பெரியவளைக் கூட்டிவந்தபோது ஊமைச்சி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"ஊமைச்சியா? உனக்கு மனசாட்சி இருக்கா? இதுக்குக் கொத்தத் தெரிஞ்சா முதல்ல உன்னையில்ல கொத்தியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் உள்ளே போய்விட்டாள்.

அதற்கடுத்து ஒரு நண்பகலில், யாரிடமும் சொல்லாமல், பெரியவள் புள்ளிக்கோழியைக் கொண்டுவந்து திடலில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். புண் ஆறியிருந்தது. பூச்சு அப்படியே இருந்தது. சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது புள்ளி தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் தலையைச் செருகிக் கிடந்தது. பின்பக்கத்தை மற்றக் கோழிகள் குடைந்திருந்தன. உயிர் இல்லை.

பெரியவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சின்னவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அந்தக் கோழியை முந்தானையில் சுற்றி மண்வெட்டியைத் தானே எடுத்துப்போய்ப் புதைத்தாள். கறியாக்கலாமே என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

லாரி ஓட்டப்போயிருந்த பெரியவன் மறுநாள் வந்து இறங்கினான். பெண்டாட்டி சொன்னதைக் கேட்டுக்கொண்டே குளித்தான், கேட்டுக்கொண்டே சாப்பிட்டான், கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை கறுப்பிய அறுத்துடலாம். கொல்லையில நிம்மதி வேணும்."

சின்னவள் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் நின்றாள். "கறுப்பி பஞ்சாரத்துக்குள்ள இருக்கும்போதுதான் புள்ளி செத்துச்சு மாமா."

"அதோட கூட்டாளிங்க செஞ்சிருக்கும்மா. தலைய எடுத்தா மத்ததெல்லாம் அடங்கும்."

"கூட்டாளியா? அது என்ன கட்சியா நடத்துது?"

பெரியவனுக்குச் சிரிப்பு வந்தது. பெண்டாட்டி முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். "பேச்சு வேணாம். ஒரு கோழிதானே. கறியில பாதி உனக்கு."

"என் கோழியில எனக்குப் பாதியா? நல்லா இருக்கு மாமா நியாயம்."

அவள் புருஷன் அவளை உள்ளே இழுத்துவந்து கதவைச் சாத்தினான். "ஒரு கோழிக்காக அண்ணன்கிட்ட மல்லுக்கு நிக்கணுமா? இந்த ஒரு தடவை விட்டுக்குடு."

"எந்த ஒரு தடவை? குழாயில விட்டது ஒரு தடவையா, கொடியில விட்டது ஒரு தடவையா? தப்பு செஞ்சிருந்தா நானே கழுத்தைத் திருகிக் குடுப்பேன். செய்யாததுக்குக் குடுக்கமாட்டேன்."

"செய்யலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நம்பிக்கை இருந்தது, காட்ட ஆதாரம் இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

சனிக்கிழமை பட்டறையில் ஒரு பெரிய மாட்டுத்தொழுவக் கேட்டு. பாதிக்கு மேல் பூசி முடித்தபோது தோள் இழுத்துப் பிடித்து, பிரஷ் நழுவி, பிரைமர் வழிந்து அவள் வலது பாதத்தில் கொட்டியது. வார் தேய்ந்த செருப்பு. கால் முழுக்க அப்பிக்கொண்டது.

"கால்ல என்ன துருவா புடிச்சிருக்கு, பிரைமர் அடிக்கிற?" என்றார் பட்டறைக்காரர்.

"ஆமாண்ணே. காஞ்சதும் நல்ல கலரா ஒண்ணு அடிச்சு விடுங்க. சாவி உங்ககிட்டதானே இருக்கு."

மண்ணெண்ணெயில் துடைத்தும் முழுக்கப் போகவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்து, முட்டைக்கோஸ் இலையை எடுத்துக்கொண்டு திடலுக்குள் நுழைந்தாள். இலையைக் கட்டக் கையை உயர்த்தியிருந்தபோது காலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் ஊமைச்சி. விரட்டினாள். திரும்பினால் இன்னொன்று. அதையும் விரட்டினாள். இலையைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை. ஆறில் ஐந்து அவள் வலது காலைச் சுற்றி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துப் பார்த்துக் குத்தின. இடது காலை ஒன்றும் சீண்டவில்லை.

சின்னவள் இலையைக் கீழே போட்டாள். தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு பெரியவளின் மூன்று கோழிகளின் பின்பக்கத்தைப் பார்த்தாள். முதன்முறையாக அந்தப் பிரைமர் அவள் கண்ணுக்கு ஒரு நிறமாகத் தெரிந்தது. உறைந்த ரத்தம். அசல் உறைந்த ரத்தத்தின் நிறம். புண்ணைக் கண்டால் கோழி கொத்தும். புண் மாதிரி ஒன்றைக் கண்டாலும் கொத்தும். தினமும் பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை நான்கு கோழிகளின் முதுகில் அவள் நான்கு புண்களை வரைந்து அனுப்பியிருந்தாள்.

நேராகப் பெரியவளிடம் போனாள். "அக்கா, பெயிண்டுதான். பெயிண்டைப் பார்த்துதான் கொத்துதுங்க. கத்திரிக்கோலைக் கொண்டா, பூசின இறகை வெட்டிவிடுறேன்."

பெரியவள் தேய்த்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "கறுப்பியக் காப்பாத்த ராத்திரியும் பகலுமா யோசிச்சு இதைத்தான் புடிச்சியா?"

"வந்து என் காலைப் பாரு."

"உன் காலைப் பார்க்கவா நான் பொறந்திருக்கேன்? என் கோழி மேல கைய வச்ச, அப்புறம் நடக்கிறதே வேற. அதுங்க மேல இருக்கிற அடையாளத்தை அழிச்சுட்டு ஏழும் என்னுதும்ப."

 சின்னவள் பின்னால் போய், குளியலறைச் சந்தில் கிடந்த பால் டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். அடியில் பிரைமர் இருந்தது. மேலே தோல் கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவன் துவைக்கிற கல்லில் கத்தியைத் தீட்டினான். சின்னவள் புருஷன் வாசல் பக்கம் போய்விட்டான். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிறானாம். பெரியவள் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள், இறகு பிய்க்க.

"பஞ்சாரத்தைத் தூக்கும்மா" என்றான் பெரியவன்.

"தூக்குறேன் மாமா. அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க."

சின்னவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியால் டப்பாவின் தோலைக் கிழித்து, வலது பாதத்தில் பிரைமரை ஊற்றினாள். விரலிலிருந்து கணுக்கால் வரை கையாலேயே தேய்த்தாள். பட்டறையில் கேட்டுக்குப் பூசுகிற அதே ஒழுங்கு. எழுந்து, வலைக்கதவைத் திறந்து, திடலின் நடுவில் போய் இரண்டு காலையும் அகட்டி நின்றாள்.

"இவளுக்கு என்ன, புத்தி பேதலிச்சிருச்சா?" என்றாள் பெரியவள்.

"பேசாம பாருக்கா."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பெரியவன் இருமினான். கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. அப்புறம் ஊமைச்சி வந்தது. அடக்கமாக, கோவிலுக்குப் போகிற பெண் மாதிரி தலையைத் தாழ்த்தி வந்து, அவள் பெருவிரலுக்கு மேலே நங்கென்று கொத்தியது. சின்னவள் காலை எடுக்கவில்லை. இரண்டாவதாகவும் பெரியவளுடைய கோழிதான். பிறகு சின்னவளுடையது ஒன்று. எல்லாம் மொய்த்துவிட்டன. தோல் கிழிந்து உண்மையான ரத்தம் வந்தது. பிரைமருக்கு நடுவில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறம்.

"முதல்ல வந்தது யாரு கோழி மாமா? வாயைத் திறந்து சொல்லுங்க."

பெரியவன் பெண்டாட்டியைப் பார்த்தான். "ஊமைச்சி" என்றான் மெதுவாக.

"என் இடது கால்ல ஏதாவது கொத்துதா?"

"இல்ல."

"கறுப்பி எங்க இருக்கு?"

"பஞ்சாரத்துல."

"இப்போ பஞ்சாரத்தைத் தூக்குங்க. அதுவும் வந்து கொத்தும். இல்லன்னு நான் சொல்லல. அது ஒண்ணும் யோக்கியம் கிடையாது. ஆனா ஏழு பேரு செஞ்ச வேலைக்கு ஒருத்தி கழுத்தை அறுக்கவிடமாட்டேன். அறுக்கறதுன்னா ஊமைச்சியிலிருந்து ஆரம்பிங்க."

பெரியவன் பஞ்சாரத்தைத் தூக்கவில்லை. கத்தியைக் கல்லின் மேல் வைத்தான். "கால எடும்மா, போதும். ரத்தம் ஊத்துது" என்றான்.

அவள் எடுக்கவில்லை. பெரியவள் சொல்லட்டும் என்று நின்றாள். பெரியவளும் அசையவில்லை. கோழிகளுக்கு இந்தப் போட்டி ஒன்றும் தெரியாது. அவை பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருந்தன. கடைசியில் பெரியவள்தான் வலைக்கதவைத் திறந்து உள்ளே வந்தாள். வந்தவள் ஊமைச்சியை இரு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு சின்னவளின் எதிரில் நின்றாள்.

"சரி. பெயிண்டுதான். அடிச்சது யாரு?"

"நீ சொன்ன, நான் அடிச்சேன்."

"நான் பெயிண்டுன்னேன். செவப்புன்னேனா? டப்பாவை எட்டிப் பார்த்து, செவப்பான்னு கேட்டேனா இல்லையா? நீ என்ன சொன்ன?"

சின்னவளின் வாயில் தயாராக இருந்த பத்துப் பதில்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப்போயின. பெரியவள் கேட்டது உண்மை. எட்டிப் பார்த்தாள். கேட்டாள்.

"செவப்பு இல்லன்னு சொன்னேன்" என்றாள்.

"இல்லையா அது?"

"செவப்புதான்."

"அப்போ என் புள்ளியக் கொன்னது கறுப்பி இல்ல."

"இல்ல. நான்தான்."

அதைச் சொல்லிவிட்டு அவள் தலையைக் குனியவில்லை. பெரியவள் எதிர்பார்த்தது குனிவதை. அது வராததால் ஊமைச்சியை இறக்கிவிட்டாள். உள்ளே போனாள். கத்திரிக்கோலோடும் ஊதா மருந்து பாட்டிலோடும் திரும்பி வந்தாள்.

இருவரும் துவைக்கிற கல்லருகில் உட்கார்ந்தார்கள். பெரியவள் ஒவ்வொரு கோழியாக இறக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் பூசிய இறகுகளைத் தோலில் படாமல் நறுக்கி எடுத்தாள். கொத்துப்பட்ட இடத்தில் ஊதா மருந்தைத் தடவினாள். ரத்தம் தெரியக் கூடாது, தெரிந்தால் மறுபடி ஆரம்பமாகும். மருந்து தடவிய கையாலேயே தன் காலுக்கும் தடவிக்கொண்டாள். பெரியவன் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குளித்தான்.

மூன்றாவது கோழியை இறக்கிவிட்டுப் பெரியவள் சொன்னாள்: "இனி எது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாருக்கா. உன் கோழிய உனக்குத் தெரியலன்னா அது உன் கோழியே இல்ல."

"வாய் மட்டும் குறையல உனக்கு."

"காலைத்தானே கொத்துச்சு, வாயையா கொத்துச்சு?"

பெரியவளின் உதட்டோரம் துடித்தது. உடனே இறுக்கிக்கொண்டாள். "என் புள்ளிக்கு என்ன சொல்ற?"

"தரணும். தரேன்."

"கறுப்பியக் குடு. கணக்குத் தீந்துச்சு."

"கறுப்பியைத் தரமாட்டேன்."

"நீதானே கொன்னேன்ன?"

"நான்தான் கொன்னேன். கடன் என்னுது. அதுக்கு அவளை ஏன் கேக்குற? மத்த மூணுல எது வேணும்னாலும் இப்பவே புடிச்சுக்கோ."

"உன் சாம்பலும் சோம்பலும் எனக்கு எதுக்கு? எனக்குப் புள்ளி வேணும். அதே மாதிரி உடம்பெல்லாம் புள்ளி, அதே வயசு, முட்டை வைக்கப்போற கோழி. நோஞ்சானைக் கொண்டாந்து நிறுத்தினா வாங்கமாட்டேன்."

"அதே மாதிரி தேடணும்க்கா. நேரமாகும்."

"ஆகட்டும். குடுக்குற வரைக்கும் நான் கேப்பேன். குழாயடியில கேப்பேன், கொடியடியில கேப்பேன், நாலு பேரு நிக்கும்போது கேப்பேன்."

"கேளு. நாலு பேரு முன்னாடியே தரணும்னு சொல்றேன். கறுப்பின்னு மட்டும் வாயெடுக்காத."

சின்னவள் எழுந்து நொண்டிக்கொண்டே கொல்லைக் கோடிக்குப் போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கினாள். கறுப்பி உடனே ஓடவில்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சிமிட்டியது, உடம்பை உதறியது, திடலுக்குள் நடந்துபோனது. தீவனத் தட்டில் ஊமைச்சி நின்றது. கறுப்பி இல்லாத நாட்களில் அது முன்னுக்கு வந்திருந்தது. ஊமைச்சி இறகைச் சிலிர்த்து ஒரு கொத்துக் கொத்தியது, உச்சந்தலையில், முறையாக. கறுப்பி ஒரு எட்டுப் பின்வாங்கியது. அப்புறம் சுற்றிக்கொண்டு இரண்டாவது தட்டுக்குப் போய்த் தின்னத் தொடங்கியது.

"பார்த்தியா, என் ஊமைச்சிய" என்றாள் பெரியவள்.

"பார்த்தேன். சாயங்காலத்துக்குள்ள மாறும்."

"மாறாது."

மாறியதா இல்லையா என்பதில் அந்த வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி. ஆனால் அதன்பிறகு ரத்தம் வரவில்லை. மூன்று கோழிகளுக்கும் வெட்டிய இடத்தில் புது இறகு முளைத்தது. சின்னவளின் காலில் ஊதாக் கறை வெகுநாள் இருந்தது. சந்தைக்குப் போனபோதெல்லாம் அவள் கூடைகளைக் கிளறிப் பார்த்தாள். ஒன்றுக்குக் கழுத்தில் மட்டும் புள்ளி, இன்னொன்று கிழடு, மற்றொன்று சேவல். வெறுங்கையோடு திரும்பினாள். குழாயடியில் பெரியவள் சொன்னபடியே கேட்டாள், நாலு பேர் நிற்கும்போதே கேட்டாள். சின்னவளும் சொன்னபடியே குடத்தை இறக்காமல் பதில் சொன்னாள்: தரணும்தான், இன்னும் தரவில்லை. பெரியவளுக்கு அவள் பட்டிருக்கிற கடன் ஒரு புள்ளிக்கோழி.